பாம்பு நாறாது, பெட்டிதான் நாறும்

தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிட்டேன். மீதியெல்லாம் அதுக்கு விளக்கம்தானுங்க.

பட்டணத்துல இருந்து படிக்கிறவங்கள்ல சில பேருக்கு, "பாம்பை வீட்டுக்குள்ள வெச்சு வளர்க்கிறாங்களா?"ங்கிறதே ஆச்சரியமா இருக்கும். வளர்க்கிறாங்க. கோயமுத்தூர், சென்னை, பெங்களூர்னு அடுக்குமாடி வீடுகள்ல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள, விளக்கு போட்டு, சூடு வெச்சு வளர்க்கிறாங்க. எனக்கு அதுல பெருசா இஷ்டம் கிடையாது. பாம்பு வரப்புல போகணும், பொந்துல படுக்கணும்னு நினைக்கிற ஆளு நான். ஆனா ஒருத்தர் காசு குடுத்து வாங்கி வெச்சுட்டா, அதுக்கப்புறம் என் இஷ்டத்தைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது? அந்த உசிரு ஒழுங்கா இருக்குதாங்கிறதுதான் கேள்வி. அந்த ஒழுங்கு முதல்ல கெடுற இடம் எதுன்னு பார்த்தா, நாத்தம்.

இதை நான் ஏன் எழுதறேன்னா, என் அக்கா பையன் ஒருத்தன் கோயமுத்தூர்ல இருக்கான். கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணினான்.

"மாமா, தோட்டத்துல எலி ஜாஸ்தி, இளநியெல்லாம் தொளை போடுதுன்னு சொன்னீங்கல்லங்க?"

"ஆமாங் கண்ணு. அதுக்கென்ன இப்ப?"

"என்கிட்ட ஒரு பாம்பு இருக்குதுங்க மாமா. கொண்டாந்து நம்ம தோட்டத்துல விட்டுறட்டுங்களா?"

விசாரிச்சா, பால் பைத்தானாம். இந்தப் பேரைக் கேட்டதும் எங்க வீட்டுல, "பால் குடிக்கிற பாம்புங்களா?"ன்னு கேட்டாங்க. பால் இல்லீங்க, பந்து. பயந்தா தலையை உள்ளே வெச்சுக்கிட்டு பந்து மாதிரி சுருண்டுக்கும். அதனால அந்தப் பேரு. மேற்கு ஆப்பிரிக்கா, நடு ஆப்பிரிக்காப் பக்கத்து மலைப்பாம்பு வகை. விஷம் கிடையாது. நல்லா வளர்த்தா 20, 30 வருஷம் உசிரோட இருக்கும்.

வாங்கி எட்டு மாசம் ஆச்சாம். விக்கிறவங்க, "இதுல வாசமே வராது சார்"னு சொல்லிக் குடுத்தாங்களாம். இப்ப அந்த ரூமுக்குள்ள நிக்க முடியலையாம். அவன் சம்சாரம், "ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்"னு சொல்லிருச்சாம். ரூம் ஸ்பிரே அடிச்சான். ஊதுவத்தி வெச்சான். பெட்டி மூலையில ரெண்டு அந்துருண்டை கூடப் போட்டு வெச்சிருக்கான். ஒண்ணும் நடக்கலை. கடைசியில அவனுக்குத் தோணின வழி, மாமன் தோட்டம்.

நான் முதல்ல கேட்டது ஒண்ணுதான். "என்ன நாத்தம் கண்ணு? கோழிப்பண்ணை நாத்தமா, சேத்து நாத்தமா, எலி செத்த நாத்தமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "நாத்தம்னா நாத்தம்தானுங்களே மாமா"ன்னான்.

இதுதானுங்க நான் இன்னிக்குச் சொல்ல வந்தது. பட்டணத்துல நாத்தம்னா ஒரே நாத்தம். அதை விரட்டணும், இல்லீன்னா மூடணும். தோட்டக்காரனுக்கு அது அப்படி இல்ல. காலையில கட்டுத்தரைக்குள்ள நுழையும்போதே மூக்குதான் முதல்ல வேலை செய்யும். புதுச் சாணி வாசம் வேற, மாடு கழிஞ்சிருந்தா வர்ற வீச்சம் வேற. கோழி சாலைக்குள்ள கண்ணு எரிஞ்சா, கீழே போட்ட தூளு ஈரமாகியிருக்குன்னு அர்த்தம். குப்பைக்குழி நல்லா மக்கினா மழை பெஞ்ச மண் வாசம் வரும். காத்துப் போகாம தண்ணி தேங்கினா அழுகின முட்டை வாசம் வரும். ஒவ்வொரு நாத்தமும் ஒரு சேதி. சேதி கொண்டு வர்றவனை அடிச்சு விரட்டிட்டா சேதி இல்லாமப் போயிருமா?

பாம்போட சமாச்சாரத்துக்கு வருவோம். எங்க தென்னந்தோப்புல சாரைப்பாம்பு இருக்கு. ஆறடி, ஏழடி இருக்கும். எலி புடிக்குது, திங்குது, வெளியே போகுது, தோலுரிக்குது. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் "சாரை நாத்தம்"னு யாரும் மூக்கைப் பொத்தினது கிடையாது. அவிச்ச உருளைக்கிழங்கு வாசம் வந்தா பாம்பு கொட்டாவி விட்டிருக்குன்னு பெரியவங்க சொல்வாங்க. சாயங்காலத்துல வேலியோரத்துச் செடி சிலது பூத்தாலே அந்த வாசம் வரும். பாம்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆரோக்கியமா இருக்கிற பாம்பைக் கிட்டப்போய் மோந்து பார்த்தாலும் பெருசா ஒண்ணும் வாசம் இருக்காது. நம்மள மாதிரி அதுக்கு வேர்க்காது. மாட்டுக்கு இருக்கிற மாதிரி அழுக்கு ஒட்டற முடியும் கிடையாது.

அப்ப வெளியில ஏன் நாறலை, பெட்டியில ஏன் நாறுது? வெளியில பாம்பு தன்னோட கழிவை விட்டுட்டு நகர்ந்துரும். விட்டதை எறும்பு எடுக்கும், வண்டு எடுக்கும், மண்ணு குடிச்சுக்கும், வெயிலு காய வெச்சிரும். பெட்டிக்குள்ள இந்த நாலு பேரும் கிடையாது. பாம்பும் நகர முடியாது, கழிவும் நகர முடியாது. ஆக, இந்த நாலு பேர் வேலையையும் வளர்க்கிறவன் செய்யணும். செய்யலைன்னா நாறும். இதுல பாம்போட குத்தம் என்ன இருக்கு?

சரி, நாத்தத்துல வகை பிரிப்போம். வீட்டுல வளர்க்கிறவங்களுக்கு இது உதவும்.

முதல் வகை, கண்ணு எரியிற கோழிப்பண்ணை நாத்தம். கோழி எச்சத்துல வெள்ளையா ஒண்ணு இருக்கும், பார்த்திருப்பீங்க. பாம்புக்கும் அதேதான். நம்மளாட்டம் தண்ணியா மூத்திரம் போறது குறைவு. சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையா, லேசா மஞ்சளா வெளியே தள்ளும். அது யூரிக் அமிலம். காஞ்சு கிடந்தா பெருசா நாத்தம் வராது. ஈரம் பட்டு, கிருமி சேர்ந்து, அது அமோனியாவா மாறும்போதுதான் கண்ணு எரியும். ஆக, இந்த நாத்தம் சொல்ற சேதி: "பழைய கழிவு கிடக்கு, ஈரமும் இருக்கு." பெரிய பால் பைத்தான் பத்து, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் திங்கும். வெளியே போறதும் அதே மாதிரி எப்பவாவதுதான். அன்னிக்கே பார்த்து, கழிவையும் அதைச் சுத்தி ஒரு கை அளவு தூளையும் அள்ளிட்டா முடிஞ்சுது. தினம் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கிற வேலைதான்.

ரெண்டாவது, சேத்து நாத்தம், பூசண வாசம். இதுக்குக் காரணம் தண்ணி. இதைப் பத்திக் கொஞ்சம் விவரமாப் பின்னாடி சொல்றேன்.

மூணாவது, எலி செத்த நாத்தம். பேருக்கேத்த மாதிரி நிஜமாவே எலி செத்துதான் கிடக்கும். உறைய வெச்ச எலியை இளக வெச்சுக் குடுக்கிறாங்க. பாம்பு அதை எடுக்காம விட்டிருக்கும், இல்லைன்னா மறைவுல இழுத்துப் போட்டிருக்கும். மறுநாள் காலையில எடுத்துரணும். அதைவிட மோசமானது, முழுங்கினதைக் கக்கிப் போடுறது. பாதி செரிச்ச எலி நாத்தத்துக்கு ஈடு வேற கிடையாது. தின்ன உடனே தூக்கி விளையாடினாலோ, பெட்டியில சூடு பத்தலைன்னாலோ கக்கும். தின்ன பிறகு ரெண்டு நாளைக்காவது கையில எடுக்கக் கூடாது. சூடான பக்கம் 31, 32 டிகிரி இருக்கணும். கக்கினதும் பாவம், பசிக்குமேன்னு உடனே இன்னொரு எலி குடுக்காதீங்க. ரெண்டு வாரம் வயித்துக்கு ஓய்வு குடுங்க. மறுபடியும் கக்கினா மருத்துவர்கிட்டப் போயிரணும்.

நாலாவது, பாம்பு பயத்துல விடுற நாத்தம். கிணத்துல, வாய்க்கால்ல இருக்கிற தண்ணிப்பாம்பைச் சின்ன வயசுல புடிச்சவங்களுக்குத் தெரியும். வால் அடியில இருந்து ஒரு வீச்சத்தை விடும். எத்தனை சோப்பு போட்டாலும் கை விட்டுப் போகாது. பாம்புக்கு அது ஆயுதம். பால் பைத்தான் அதை அவ்வளவா செய்யாது, சுருண்டுக்கத்தான் பார்க்கும். ஆனா தூக்கும்போதெல்லாம் அந்த வீச்சம் வந்தா, அது உங்களைப் பார்த்து மிரளுதுன்னு அர்த்தம். சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணுன்னு உடம்பை இறுக்கி ஒளிஞ்சுக்கிற மாதிரி ரெண்டு மறைவு வேணும். தூக்குறதையும் குறைக்கணும்.

அஞ்சாவது, பெட்டி சுத்தமா இருந்தும் பாம்பு வாயில இருந்து நாத்தம் வர்றது. ஈறு சிவந்து, சீழ் வெச்சு, வாயோரம் கோழை நுரைச்சு, வாயைத் திறந்து மூச்சு விட்டா அது நோவு. கை வைத்தியம் பண்ணக் கூடாது. ஊர்வனவைப் பார்க்கத் தெரிஞ்ச கால்நடை மருத்துவர்கிட்ட அன்னிக்கே காட்டணும். ரூம் ஸ்பிரே அடிச்சு மூடி வெச்சிருந்தீங்கன்னா இந்தச் சேதி உங்களுக்கு வந்தே சேராது. பாம்பு செத்த பிறகுதான் தெரியும்.

இப்ப அந்த ஸ்பிரே, ஊதுவத்தி, அந்துருண்டை விஷயம். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுக்குதே, அது எதுக்கு? காத்துல இருக்கிற வாசத்தை நாக்குல ஒத்தி எடுத்து, மேல் அண்ணத்துல இருக்கிற ஒரு உறுப்புல கொண்டு போய்ச் சேர்க்குது. நாம கண்ணால உலகத்தைப் பார்க்கிற மாதிரி, அது வாசத்தால பார்க்குது. அப்பேர்ப்பட்ட ஜீவனை ஒரு சின்னப் பெட்டியில அடைச்சு வெச்சு, மல்லிகை வாசம் ஸ்பிரே அடிச்சா எப்படி இருக்கும்? நம்ம கண்ணுல டார்ச் அடிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி. அதோட நிக்கலை. அந்துருண்டை புகை பாம்புக்கு விஷம். ஃபினாயில் போட்டுப் பெட்டி கழுவுறதும் அப்படித்தான். தேவதாரு, பைன் மரத்தூள் நல்லா வாசமா இருக்கேன்னு கீழே பரப்புறாங்க. அந்த வாசம் வர்ற எண்ணெயே பாம்போட மூச்சைக் கெடுக்கும். கொசுவத்தி, கொசு மருந்து மிஷின் எல்லாம் அந்த ரூமுக்குள்ளயே வேண்டாம்.

அடுத்தது ஈரம். இதுல எனக்குக் கொஞ்சம் சொல்ல உரிமை இருக்கு. ஏன்னா அக்கா பையன் பெட்டியில கீழே பரப்பியிருந்தது எங்க ஊர்ச் சரக்கு. தேங்கா மட்டையை மில்லுல அடிச்சு மஞ்சி எடுத்த பிறகு விழுற தூளு. நாங்க பித்துன்னு சொல்லுவோம். பொள்ளாச்சி வட்டாரத்துல ஒரு காலத்துல மலை மலையாக் குவிஞ்சு கிடந்து, யாரு அள்ளிட்டுப் போவாங்கன்னு இருந்த குப்பை. இப்ப கழுவி, காய வெச்சு, 5 கிலோ கட்டியா அழுத்தி வெளிநாடு போகுது. ஒரு கட்டியை ஊற வெச்சா 60 லிட்டருக்கு மேல உப்பி வரும். செடி வளர்க்க வாங்குறாங்க. பாம்பு, ஓணான் வளர்க்கிறவங்களும் உலகம் பூரா இதையே பெட்டிக்குள்ள பரப்புறாங்க.

நல்ல சரக்குதான். ஆனா அதோட குணம் தெரியணும். பித்து தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். மேலே பார்த்தா காஞ்ச மாதிரி இருக்கும், அடியில சொதசொதன்னு நிக்கும். பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம் வேணும்னு எங்கயோ படிச்சுட்டு, இவன் தினம் காலையில ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருக்கான். மூடியில காத்து போறதுக்கு இருந்த ஓட்டையையும் சூடு போயிரும்னு டேப் ஒட்டி அடைச்சிருக்கான். அடியில காத்தில்லாம அழுகாம என்ன பண்ணும்?

போன்லயே சொன்னேன். "அடியில இருந்து ஒரு கை அள்ளி அமுக்கிப் பாரு கண்ணு." குப்பை மக்க வைக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு இது. அமுக்கினா உருண்டை புடிக்கணும், விரல் இடுக்குல தண்ணி சொட்டக் கூடாது. விரலால தட்டினா உருண்டை உதிரணும். "மாமா, தண்ணி ஒழுகுதுங்க"ன்னான். நாத்தத்துக்குப் பாதிக் காரணம் கையில கிடைச்சிருச்சு. மீதிப் பாதி, கழிவைப் பத்து நாளைக்கு ஒரு தடவை மொத்தமா அள்ளிக்கலாம்னு விட்டது.

சுத்தம் பண்ற முறையையும் சொல்லிடறேன். பாம்பை எடுத்து, மூடி பூட்டற மாதிரியான, காத்து போற டப்பாவுல பத்திரமா வைங்க. பெட்டியில இருக்கிறது எல்லாத்தையும் வெளியே எடுங்க. சுடுதண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு முதல்ல அழுக்கைத் தேய்ச்சு எடுங்க. கண்ணாடியில ஒட்டின வெள்ளைக் கட்டி போகலைன்னா வினிகரைத் தண்ணியில கலந்து ஊற விட்டா இளகிரும். அதைச் சுத்தமா அலசின பிறகுதான் கிருமி மருந்து. துணிக்குப் போடுற பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணி பத்துப் பங்கு. பத்து நிமிஷம் விட்டு, நல்லா அலசி, பிளீச் வாசம் சுத்தமாப் போற வரைக்கும் வெயில்ல காய வைங்க. அழுக்கு மேலேயே பிளீச் ஊத்தினா வேலை செய்யாது. வினிகரையும் பிளீச்சையும், இல்ல கக்கூஸ் கழுவுற ஆசிடையும் பிளீச்சையும், ஒண்ணாக் கலந்துறவே கூடாது. விஷப் புகை வரும். பாம்புக்கு முன்னாடி நீங்க விழுந்துருவீங்க.

சமையல்கட்டு சிங்க்ல மட்டும் கழுவாதீங்க. பாம்பு நல்லா இருந்தாலும் அது கழிவுல சால்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும். அஞ்சு வயசுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டுல இன்னும் ஜாக்கிரதை. அள்ளின கழிவைப் பையில கட்டிக் குப்பையில போடுங்க. மாடியில கீரை போட்டிருக்கீங்கன்னா அந்த உரத்தொட்டியில சேர்க்காதீங்க. மாட்டுச் சாணியும் கறி திங்கிற ஜீவனோட கழிவும் ஒண்ணு கிடையாது.

புதுசா வளர்க்கிறவங்களுக்கு என் யோசனை, பித்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பழைய நியூஸ் பேப்பர் நாலு தாள் விரிங்க. அழுக்கானா சுருட்டி எடுத்துட்டுப் புதுசு விரிங்க. பார்க்க அழகா இருக்காது, ஆனா எதையும் ஒளிச்சு வைக்காது. கழிவு எப்ப வந்துச்சு, என்ன நிறம், ஈரமா காஞ்சதா, எல்லாம் பளிச்சுன்னு தெரியும். இன்னிக்குக் கோயமுத்தூர்ப் பெட்டியில பேப்பர்தான் கிடக்குது. ஈரத்துக்கு ஒரு டப்பாவுல நனைச்சுப் பிழிஞ்ச பாசி வெச்சிருக்கான், பாம்பு வேணும்கிறப்ப அதுக்குள்ள போய் படுத்துக்குது. மூடி ஓட்டையில இருந்த டேப்பைப் பிச்சாச்சு. மூணாம் நாளே நாத்தம் போயிருச்சு. மருமக இன்னும் அந்த ரூமுக்குள்ள போறதில்லை. ஆனா வீட்டை விட்டுப் போறேன்னு சொல்றதும் இல்லை.

மண்ணு, செடி, குட்டிப் பூச்சியெல்லாம் விட்டு, கழிவு அங்கேயே மக்குற மாதிரி பெட்டி அமைக்கிறவங்களும் இருக்காங்க. நம்ம குப்பைக்குழி தத்துவம்தான், எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா அதுவும் சும்மா விட்டா நடக்காது. ஈரம், காத்து, காஞ்ச இலை மூணும் அளவா இருக்கணும். பெரிய பாம்போட மொத்தக் கழிவையும் அந்தப் பூச்சிங்க தின்னு முடிக்காது, பெருசை நாமதான் அள்ளணும். குப்பைக்குழியைக் கிளறிப் பழகாதவங்க எடுத்ததும் அதுல இறங்க வேண்டாம்.

இப்ப அந்த முதல் கேள்விக்கு வர்றேன். "தோட்டத்துல விட்டுறட்டுங்களா?"

இதைக் கேக்கறது என் அக்கா பையன் மட்டும் இல்லீங்க. பட்டணத்துல வேண்டாம்னு ஆனது எல்லாம் கிராமத்துக்கு வருது. குட்டியில ஆசையா வாங்கின நாயை, சொறி வந்ததும் காருல கொண்டாந்து எங்க ரோட்டோரம் இறக்கி விட்டுட்டுப் போறாங்க. அது கார் பின்னாடியே ஓடறதை நான் பார்த்திருக்கேன். தொட்டியில வளர்த்த சிவப்புக் காது ஆமையைக் குளத்துல விடறாங்க. "கிராமத்துல சுதந்திரமா இருக்கட்டும்"னு வேற சொல்லிக்கறாங்க. விடறவங்க மனசு ஆற வேணும்னா அது உதவும். விட்ட உசிருக்கு உதவாது.

பால் பைத்தானை எங்க தோட்டத்துல விட்டா என்ன நடக்கும்னு எனக்குத் தெளிவாத் தெரியும். உடம்பு பூரா பழுப்புத் திட்டுத் திட்டா இருக்கும். பார்க்கிறவன் கண்ணாடி விரியன்னுதான் நினைப்பான். எங்க சாரை ஆள் அரவம் கேட்டா அம்பு மாதிரி ஓடிரும். இது ஓடாது. பந்து மாதிரி சுருண்டு படுத்துக்கும். தடியெடுத்தவனுக்கு அதைவிட வசதி வேற என்ன? ஆப்பிரிக்காவுல இருந்து அதுவா கிளம்பி வரலை. நாலு பேர் ஆசைக்குக் கொண்டு வந்து, நாத்தம்னு சொல்லி, கடைசியில தென்னை மரத்தடியில அடிபட்டுச் சாகணுமா?

சாகாமப் பொழைச்சா? அதுவும் ஆபத்துதான். அமெரிக்காவுல ஃபுளோரிடா சதுப்புக் காட்டுல நடந்தது அதான். வீட்டுல வளர்த்தவங்க விட்டதும், வளர்த்த இடத்துல இருந்து தப்பிச்சதுமா பர்மா மலைப்பாம்பு பெருகிப் போச்சு. 2012-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, அது பெருகின பகுதிகள்ல ரக்கூன்னு சொல்ற பிராணி கண்ணுல படறது 99 சதவீதம் குறைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. அதைப் புடிக்க 2017-ல எங்க இருந்து ஆள் கூட்டிட்டுப் போனாங்க தெரியுமா? நம்ம தமிழ்நாட்டுல இருந்து. மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர் பெரியவங்க. ரெண்டு வாரத்துக்குள்ளயே 13 மலைப்பாம்பு புடிச்சுக் குடுத்தாங்க. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தது நினைவிருக்கும்.

அந்த இருளர்கிட்ட இன்னொரு பாடமும் இருக்கு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978-ல இருந்து அவங்க கூட்டுறவுச் சங்கம் நடக்குது. விஷமுறிவு மருந்துக்காகப் பாம்புகிட்ட விஷம் எடுக்கிற இடம். பாம்பை மண்பானையில வைக்கிறாங்க. அடியில மணல், வாயில துணி. மண்பானை ஈரத்தை இழுத்து வெளியே விடும், துணி வழியா காத்துப் போகும். சில வாரம்தான் வெச்சிருப்பாங்க, அப்புறம் காட்டுல கொண்டு போய் விட்டுருவாங்க. பாம்பு ஒரே இடத்துல ரொம்ப நாள் இருக்கக் கூடாதுங்கிற நினைப்பு அந்த வேலைக்குள்ளயே இருக்கு. நம்ம பெட்டியில அது 20 வருஷம் இருக்கப் போகுது.

சட்டத்தையும் ஒரு வரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, நல்ல பாம்பு மாதிரி நம்ம நாட்டுப் பாம்பைப் புடிச்சு வீட்டுல வளர்க்கக் கூடாது. பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு வகைகளை வெச்சிருக்கிறவங்க 2024-ல வந்த விதிப்படி பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும். கை மாறினாலும், குட்டி வந்தாலும், செத்தாலும் தெரியப்படுத்தணும். வளர்க்க முடியலைன்னா முறைப்படி வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கலாம். தோட்டத்துல விடறதுங்கிறது அந்தப் பட்டியல்லயே இல்லை.

வாங்க நினைக்கிறவங்க கடையில விலை கேக்கறதுக்கு முன்னாடி வீட்டுல மூணு கேள்வி கேட்டுக்கோங்க. இதோட கழிவை யாரு அள்ளுவாங்க? எந்த நேரத்துல அள்ளுவாங்க? எங்க போடுவாங்க? நீங்க ஊருக்குப் போற வாரமும், உடம்பு சரியில்லாத வாரமும் சேர்த்துத்தான். மாடு வாங்கறதுக்கு முன்னாடி எங்க ஆளுங்க கேட்டுக்கறதும் இதேதானுங்க. சாணி அள்ள ஆள் இல்லைன்னா மாடு வேண்டாம். மூணுக்கும் பதில் இருந்தா வாங்குங்க. வாங்கின பிறகு என்னிக்காவது நாத்தம் வந்தா, ஸ்பிரேயைத் தேடாம பெட்டியைத் திறந்து மோந்து பாருங்க. எங்க தப்புன்னு அதுவே சொல்லும்.